பிளவுப் படுகைப் பாறைகளில் மிகுந்திருக்கும் பொட்டாசியம் எங்கிருந்து வந்தது?

பழைமையான பிளவுப் படுகை (கண்ட மேலோடு இழுபட்டு இறங்கியதால் உருவான பள்ளம்) ஒன்றிலிருந்து எடுத்த செந்நிற மணற்கல், களிக்கல் மாதிரிகளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பியதில், பொட்டாசியம் ஆக்சைடு 8 முதல் 9 சதவீதம் வரையிலும், சோடியம் ஆக்சைடு அரை சதவீதத்துக்கும் கீழாகவும் வந்திருக்கிறது. மூலப்பாறையே பொட்டாசியம் மிகுந்த கிரானைட்டாக இருந்ததுதான் காரணமா, அல்லது படிந்த பிறகு பாறை மாறியதா, இந்த எண்களைக் கொண்டு அக்காலத் தட்பவெப்பத்தைக் கணிக்கலாமா என்பவை நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் என் விடை, பொட்டாசியத்தில் பெரும்பகுதி பின்னர் வந்து சேர்ந்தது என்பதே. மூன்றாவதற்கு, இப்போதைக்குக் கணிக்கக் கூடாது என்பது விடை. இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஒரு பாறையின் மொத்த வேதிப் பகுப்பாய்வு என்பது மூலப்பாறை, மேற்பரப்புச் சிதைவு, ஏரிநீர், புதைந்தபின் ஊடுருவிய நீர் ஆகிய நான்கும் எழுதிய நான்கு கணக்குகளின் கூட்டுத்தொகை. அதைப் பிரிக்கும்போது கடைசியில் எழுதியவரின் கணக்கைத்தான் முதலில் கழிக்க வேண்டும். பலர் தலைகீழாக, மூலப்பாறையிலிருந்து தொடங்குகிறார்கள்.

முதலில் ஓர் எளிய கணக்கு. கண்ட மேலோட்டின் மேற்பகுதியில் பொட்டாசியம் ஆக்சைடும் சோடியம் ஆக்சைடும் சராசரியாக 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கின்றன. பெரும்பாலான கிரானைட்டுகளில் பொட்டாசியம் ஆக்சைடு 4 முதல் 5 சதவீதம். களிப்பாறைகளின் சராசரியாகப் பலரும் பயன்படுத்தும் எண்கள் பொட்டாசியத்துக்கு 3.7, சோடியத்துக்கு 1.2 சதவீதம். கிரானைட்டின் முக்கியக் கனிமங்களில் ஒன்றான பொட்டாசியம் ஃபெல்ஸ்பார் தூயதாக இருந்தாலும் அதில் பொட்டாசியம் ஆக்சைடு ஏறத்தாழ 17 சதவீதம்தான். ஆகவே 9 சதவீதம் என்னும் அளவை ஃபெல்ஸ்பார் மட்டுமே தருவதானால், பாறையில் பாதிக்கு மேல் அந்தக் கனிமமாகவே இருக்க வேண்டும். அப்படியும் ஒரு மணற்கல் அமையலாம் என்று வாதிடலாம். ஆனால் கிரானைட்டில் உருவாகும் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார் ஒருபோதும் தூயதாக இருப்பதில்லை. அதனுள் சோடியம் ஃபெல்ஸ்பாரான அல்பைட் மெல்லிய இழைகளாகக் கலந்திருக்கும். அந்தக் கலப்பு ஆறில் ஒரு பங்கு இருந்தாலே, பாதிக்கு மேல் ஃபெல்ஸ்பாராக உள்ள பாறையில் சோடியம் ஆக்சைடு 1 சதவீதத்தை நெருங்கியிருக்கும். உங்கள் மாதிரிகளில் அது இல்லை. பொட்டாசியம் மிகுந்திருப்பதைவிட, அதனுடன் வர வேண்டிய சோடியம் வராததுதான் இங்கே உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது.

இனி, இத்தகைய மாற்றம் பிளவுப் படுகைகளில் ஏன் இவ்வளவு பரவலாகக் காணப்படுகிறது என்பதைப் பார்க்கலாம். கண்ட மேலோடு இழுபட்டு மெலியும்போது, நிலம் பெயர்ச்சிப் பிளவுகளின் வழியே கீழிறங்கிப் பள்ளமாகிறது. பெரும்பாலும் இப்பள்ளம் இருபுறமும் சமமாக இறங்குவதில்லை. ஒரு பக்கத்தில் செங்குத்தான பெரும்பிளவு, மறுபக்கத்தில் மெல்லச் சரியும் நிலம் என ஒருபக்கம் சாய்ந்த தொட்டியைப் போல அமைகிறது. பெரும்பிளவின் அடிவாரத்தில் பாறாங்கற்களும் கூழாங்கற்களும் விசிறி வடிவில் குவிகின்றன. மறுபக்கத்திலிருந்து வரும் ஆறுகள் மணலைக் கொண்டுவருகின்றன. நடுவே, நீர் வெளியேற வழியில்லாத இடத்தில், ஏரி தேங்குகிறது. தாங்கனீக்கா ஏரியின் ஆழம் சுமார் 1,470 மீட்டர். அதன் அடியில் இன்னும் சில கிலோமீட்டர் தடிமனுக்குப் படிவு கிடக்கிறது. இரு கரைகளின் பாறைகளும் வேறானவை என்றால், சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே வயதுடைய இரு மணற்கற்கள் வெவ்வேறு வேதியமைப்புடன் இருப்பது இயல்பே. அதேபோல, மலைமுகட்டில் எரிமலைப் பாறை மேலும் கிரானைட் கீழுமாக இருந்தால், அரிப்பு முதலில் எரிமலைப் பாறையைத்தான் கொண்டுவரும். படுகையில் அடுக்கு தலைகீழாகப் பதிவாகும். எனவே மூலப்பாறையின் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் பங்கை நீரில் கரைந்து இடம்பெயரக்கூடிய தனிமங்களில் தேடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

பிளவுப் படுகைக்கே உரிய மூன்று இயல்புகள் வேதிமாற்றத்துக்குத் துணைபோகின்றன. ஒன்று, எரிமலைச் சாம்பல். வெடிப்பிலிருந்து வரும் சாம்பலின் பெரும்பகுதி கண்ணாடி. படிக ஒழுங்கு இல்லாததால் பெரும்பாலான சிலிக்கேட் கனிமங்களைவிட அது விரைவாக நீருடன் வினைபுரிகிறது. இரண்டு, நீர் வெளியேறாத ஏரி. மூன்று, வெப்பம். மெலிந்த மேலோட்டின் கீழ் சூடான மூடகம் மேலேறி நிற்பதால், வழக்கமான கண்டப் பகுதிகளில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை ஏறும் வெப்பம், இயங்கிக்கொண்டிருக்கும் பிளவுகளில் 50 பாகைக்கு மேலும் ஏறக்கூடும். அதாவது வேறிடத்தில் 4 கிலோமீட்டர் புதைந்தால் நடக்கும் வினை இங்கே 2 கிலோமீட்டரிலேயே நடந்துவிடுகிறது.

ஏரியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் "வேதிமாற்றம்" என்றதும் ஆழத்தையும் வெப்பத்தையும் மட்டுமே நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எரிமலைப் பாறைகளின் மீது ஓடிவரும் நீரில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுதி. அந்நீர் ஆவியாகிச் செறியும்போது முதலில் கால்சியம் கார்பனேட் படிகிறது. கால்சியமும் மக்னீசியமும் தீர்ந்த பின்னும் கார்பனேட் எஞ்சியிருந்தால், நீர் சோடா உப்புநீராகிறது. கென்யாவின் மகாடி ஏரி இதற்குச் சிறந்த உதாரணம்: அங்கே ட்ரோனா என்னும் சோடா உப்பு படுகையாகவே கிடக்கிறது, உப்புநீரின் காரத்தன்மை பி.எச். அளவில் 10ஐத் தாண்டுகிறது. இவ்வளவு காரமான நீரில் சிலிக்கா மிக எளிதில் கரையும். 1967இல் புவிவேதியியலாளர் ஹான்ஸ் யூக்ஸ்டர் இந்த ஏரிப் படிவுகளிலிருந்து மகாடைட் என்ற சோடியம் சிலிக்கேட்டை விவரித்து, அதிலிருந்து சோடியம் கழுவப்பட்டால் கடினமான சிலிக்காக் கல்லாகிய செர்ட் உருவாகிறது என்று காட்டினார். வெந்நீரும் ஆழமும் இல்லாமலேயே ஒரு பாறை இன்னொரு பாறையாவதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

பொட்டாசியத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய உதாரணம் கலிஃபோர்னியாவில், மேலோடு இழுபட்ட நிலப்பகுதியில் இருந்த டெகோபா என்ற பழைய ஏரி. அங்கே ஒரே சாம்பல் அடுக்கை ஏரியின் விளிம்பிலிருந்து மையம் நோக்கிப் பின்தொடர்ந்தால், விளிம்பில் மாறாத கண்ணாடி, அடுத்த வளையத்தில் ஜியோலைட் என்னும் நீர் கொண்ட நுண்துளைக் கனிமங்கள், மையத்தில் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார் என்று வரிசையாக மாறுகிறது. வெளியே நன்னீர் கலந்த இடம், உள்ளே உப்பு செறிந்த இடம், வேறுபாடு அவ்வளவுதான். ஃபெல்ஸ்பார் என்றால் எரிமலைக் குழம்பில்தான் பிறக்கும் என்று படித்து வந்தவர்களுக்கு, மேற்பரப்பு வெப்பத்திலேயே, புவியியல் கணக்கில் நேற்று என்று சொல்லத்தக்க காலத்தில், அது ஏரிச் சேற்றில் விளைந்திருப்பது வியப்பாகத்தான் இருக்கும். சோடியம் மேலோங்கிய உப்புநீரில் ஜியோலைட்டுகள் முதலில் அனல்சைம் என்னும் சோடியம் கனிமமாகின்றன. அமெரிக்காவின் நியூவர்க் படுகையில், ட்ரையாசிக் காலப் பிற்பகுதியைச் சேர்ந்த லாக்கடாங் ஏரிப் படிவுகளில், ஏரி வற்றிய கட்டங்களைச் சேர்ந்த அடுக்குகளில் அனல்சைமும் டோலமைட்டும் நிறைந்திருப்பதை ஃபிராங்க்ளின் வான் ஹூட்டன் 1960களில் விவரித்தார். ஏரி நிரம்பியதும் வற்றியதும் ஏறத்தாழ 20,000 ஆண்டு இடைவெளியில் மாறிமாறி வந்ததால், சில மீட்டர் உயரத்துக்குள் பாறையின் வேதியமைப்பே மாறிவிடுகிறது. உங்கள் மாதிரிகள் ஒரே வெட்டுமுகத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், அவற்றை அடுக்கு வரிசையில் வைத்துப் பொட்டாசியத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். அது வற்றிய கட்டங்களோடு சேர்ந்து ஏறினால் ஏரிநீரின் கைவரிசை. மணல் அடுக்குகளில் மட்டும் கூடியிருந்தால், நீர் எளிதில் ஓடக்கூடிய அந்த வழியே பின்னர் வந்த கரைசலின் வேலை.

அடுத்த கட்டம் புதைவு. ஏரிச் சேற்றில் இருந்த ஸ்மெக்டைட் என்னும் களிமண் கனிமம், வெப்பம் 60 முதல் 80 பாகை வரை ஏறும்போது பொட்டாசியத்தை உள்வாங்கி இல்லைட்டாக மாறத் தொடங்குகிறது. 100 முதல் 120 பாகைக்குள் பெரும்பகுதி மாறிவிடும். அந்தப் பொட்டாசியம் அருகில் கரையும் ஃபெல்ஸ்பாரிலிருந்தே வந்தால், பாறையின் மொத்தக் கணக்கு மாறாது. இடம் மட்டுமே மாறியிருக்கும். வெளியிலிருந்து வரும் உப்புநீர் கொண்டுவந்தால்தான் மொத்தம் கூடும். இதில் பெயர்பெற்ற இடம் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே பிளவுப் பகுதியில் உள்ள சொகோரோ. அங்கே எரிமலைப் பாறைகளிலும், அவற்றிலிருந்து அரிக்கப்பட்ட கூழாங்கற் படிவுகளிலும், சோடியமும் கால்சியமும் கொண்ட ஃபெல்ஸ்பாரான பிளேஜியோகிளேஸின் படிகங்கள் தம் வெளிவடிவம் மாறாமலேயே அடுலேரியா என்ற பொட்டாசியம் ஃபெல்ஸ்பாராக மாறியிருக்கின்றன. எரிமலைப் பாறைகள் ஒலிகோசீன் காலத்தவை. அடுலேரியாவை, பொட்டாசியம் சிதைந்து உண்டாகும் ஆர்கானை அளக்கும் முறையில் வயதிட்டபோது அது மயோசீன் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று தெரிந்தது. பாறைக்கும் அதன் பொட்டாசியத்துக்கும் இடையே சுமார் 2 கோடி ஆண்டு இடைவெளி. மூடிய படுகையின் காரமான உப்புநீர் கீழிறங்கி இதைச் செய்தது என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

இப்போது தட்பவெப்பக் கேள்விக்கு வருகிறேன். 1982இல் நெஸ்பிட், யங் என்ற புவியியலாளர்கள் இருவரும் முன்வைத்த வேதிச் சிதைவுக் குறியீடு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அலுமினியம் ஆக்சைடின் மோல் அளவை, அதனோடு கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் மோல் அளவுகளைக் கூட்டிய தொகையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். கால்சியத்தில் சிலிக்கேட் கனிமங்களில் உள்ளதை மட்டுமே சேர்க்க வேண்டும், கார்பனேட்டில் உள்ளதைக் கழித்துவிட வேண்டும். சிதையாத கிரானைட்டுக்கு இது 50ஐ ஒட்டியும், முற்றிலும் சிதைந்து எஞ்சும் கயோலினைட் என்னும் களிமண் கனிமத்துக்கு 100ஐ ஒட்டியும் வரும். ஒரு களிக்கல்லில் அலுமினியம் ஆக்சைடு 15, பொட்டாசியம் ஆக்சைடு 9, சோடியமும் கால்சியமும் தலா 0.3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், குறியீடு 58 வருகிறது. வறண்ட நிலம், சிதைவு குறைவு என்று எழுதிவிடத் தோன்றும். அதே களிக்கல்லில் பொட்டாசியம் முதலில் 3.5 சதவீதமே இருந்து, மீதி பின்னர் சேர்ந்தது என்றால், படிந்தபோது இருந்த குறியீடு 76. இது கணிசமாகச் சிதைந்த மண்ணைக் காட்டும் எண். ஒரே மாதிரி, இரண்டு முற்றிலும் வேறான தட்பவெப்பங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. பொட்டாசியம் எந்தக் கனிமத்தில் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே குறியீடு மாறும். கயோலினைட் பொட்டாசியத்தை ஏற்று இல்லைட்டானால், குறியீட்டில் சேரும் வேறு எதுவும் வெளியேறாமல் பொட்டாசியம் மட்டும் கூடுவதால், குறியீடு இறங்குகிறது. பிளேஜியோகிளேஸின் இடத்தை அடுலேரியா பிடித்தாலோ, ஒரு சோடியம் அணு வெளியே, ஒரு பொட்டாசியம் அணு உள்ளே என்ற பண்டமாற்றுதான். அலுமினியத்துக்கும் மற்றவற்றுக்கும் உள்ள மோல் விகிதம் அப்படியே இருப்பதால் குறியீடு அசைவதில்லை. ஆகவே களிக்கல்லின் குறியீடு பொய் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் மணற்கல்லின் குறியீடு உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கலாம். 1995இல் ஃபெடோவும் நெஸ்பிட்டும் யங்கும் அலுமினியம், கால்சியம்-சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றை முக்கோண வரைபடத்தில் இட்டு, சேர்ந்த பொட்டாசியத்தைக் கழித்துப் பழைய குறியீட்டை மீட்கும் முறையை விளக்கினார்கள். பயனுள்ள முறைதான், ஆனால் மூலப்பாறையின் அமைப்பு தெரியும் என்ற அனுமானத்தின் மீது அது நிற்கிறது. மூலப்பாறையே கேள்வியாக இருக்கும் உங்கள் நிலையில், அதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் வட்டமாகச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்பீர்கள்.

எனவே எண்களை ஒதுக்கிவிட்டு நுண்ணோக்கியின் முன் உட்காருங்கள். மணற்கல்லின் மெல்லிய சீவலில் ஒரு ஃபெல்ஸ்பார் மணியைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் உருண்டு தேய்ந்த கரு. அதன் விளிம்பில் இரும்பு ஆக்சைடின் மெல்லிய செந்நிறக் கோடு. அதற்கு வெளியே கூரிய மூலைகளோடு தெளிவான, கண்ணாடி போன்ற ஒரு மேல்வளர்ச்சி. கரு ஆற்றில் உருண்டு வந்தது. மேல்வளர்ச்சி படுகையில் பிறந்தது, ஏனெனில் அந்தக் கூர்மூலைகள் ஆற்றில் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. எலெக்ட்ரான் கற்றையை அதே மணியின் மீது செலுத்தினால், கிரானைட்டிலிருந்து வந்த கரு பெரும்பாலும் நீலமாக ஒளிரும். குறைந்த வெப்பத்தில் வளர்ந்த ஓரம் இருண்டே கிடக்கும். நுண்பகுப்பாய்வில் கருவில் சோடியம் தென்படும், ஓரத்தில் ஏறத்தாழ இருக்காது. உங்கள் மாதிரியில் கருவைவிட ஓரமே பருத்திருந்தால், அல்லது பிளேஜியோகிளேஸின் வடிவத்தில் பொட்டாசியம் ஃபெல்ஸ்பார் அமர்ந்திருந்தால், முதல் கேள்விக்கான விடை அங்கேயே கிடைத்துவிட்டது. சீவலைப் பார்க்க அதிகச் செலவாகாது. ஆனாலும் இதைக் கடைசியாகச் செய்வதே வழக்கமாகிவிட்டது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தச் செந்நிறக் கோட்டைப் பற்றியும் ஒரு சொல். செந்நிறம் என்றால் வெப்பமண்டலச் செம்மண் என்று முடிவுகட்டும் பழக்கம் பழையது. கனெக்டிகட்டின் ட்ரையாசிக் காலப் பிளவுப் படுகையை ஆராய்ந்த பால் கிரைனைன், ஈரமான வெப்பநிலத்துச் செம்மண்தான் அரிக்கப்பட்டு அங்கே வந்தது என்று 1950இல் வாதிட்டார். 1967இல் தியோடர் வாக்கர் பாலைவனப் படிவுகளைக் கொண்டு மாற்று விளக்கம் தந்தார்: படியும்போது சாம்பல் நிறமாக இருந்த மணலில், ஹார்ன்பிளெண்ட், பயோடைட் போன்ற இரும்புக் கனிமங்கள் நிலத்தடி நீரில் மெல்லக் கரைந்து, வெளிவந்த இரும்பு முதலில் மஞ்சள் கலந்த பழுப்பாகப் படிந்து, பின்னர் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடாகச் சிவக்கிறது. இரண்டு வழிகளும் இயற்கையில் உண்டு. ஆகவே நிறம் மட்டும் தட்பவெப்பத்துக்குச் சாட்சியாகாது. அது உறுதியாகச் சொல்வது ஒன்றே: அந்த மணலின் வழியே ஆக்சிஜன் கொண்ட நீர் ஓடியிருக்கிறது.

அது சிறிய செய்தி அன்று. வட அமெரிக்காவின் நடுவே சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் திறந்து, கண்டத்தைப் பிளக்காமலேயே நின்றுபோன பிளவில், பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு மேல் சிவந்த கூழாங்கற் பாறையும், அதற்கு மேல் நான்சச் என்னும் கரும் களிப்பாறையும் கிடக்கின்றன. சிவந்த பாறையின் வழியே ஓடிய குளோரைடு உப்புநீர் செம்பைச் சுமந்துவந்தது. கரிமப் பொருளும் பைரைட் என்னும் இரும்பு சல்ஃபைடும் நிறைந்த களிப்பாறையின் அடிப்பகுதியைத் தொட்டதும் அதை இறக்கிவைத்தது. மிச்சிகனின் ஒயிட் பைன் சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்பட்ட சால்கோசைட் என்னும் செம்பு சல்ஃபைடு அப்படி வந்ததுதான். பைரைட் இருந்த இடத்தைச் செம்பு சல்ஃபைடு பிடித்துக்கொண்டிருக்கிறது. அருகில் உள்ள கீவினா பகுதியின், வேறெதனுடனும் சேராத தனிச்செம்போ, பிளவு விரிந்த காலத்தில் வரவில்லை. சில கோடி ஆண்டுகள் கழித்து, நிலம் நெருக்குண்டு பழைய பிளவுகள் எதிர்த்திசையில் நகர்ந்தபோது ஓடிய வெந்நீரால் வந்தது. ஒரு படுகையில் ஒரே ஒரு மாற்றம்தான் நடந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மூலப்பாறையைத் தேட எவை எஞ்சுகின்றன? தோரியம், ஸ்காண்டியம், சிர்கோனியம், அருமண் தனிமங்கள் ஆகியவை இத்தகைய நீரில் அதிகம் கரைவதில்லை. தோரியம்-ஸ்காண்டியம் விகிதம் கிரானைட்டையும் பசால்ட்டையும் நன்றாகப் பிரித்துக்காட்டும். நியோடிமியம் ஐசோடோப்புகள் மூலப்பாறையின் சராசரி வயதைச் சொல்லும். சிர்கோனியம் கொண்ட கனிமமான ஜிர்கான் மணிகளின் யுரேனியம்-ஈய வயதுகள் எந்தெந்த மலைகள் அரிக்கப்பட்டன என்பதை மணி மணியாகப் பிரித்துத் தரும். ஆனால் பசால்ட்டில் ஜிர்கான் மிகக் குறைவு என்பதால், அந்த வயதுப் பட்டியலில் பசால்ட் ஏறத்தாழ கண்ணுக்கே தெரியாது. ஆறு கனமான மணிகளை ஓரிடத்தில் குவித்துவிட்டால், சிர்கோனியமும் தன் பங்குக்கு ஏமாற்றும். அதனால் மணற்கல்லையும் அதன் மேலுள்ள களிக்கல்லையும் இணையாக எடுத்து, இரண்டிலும் ஒத்துப்போகும் செய்தியை மட்டுமே நம்புவது என் வழக்கம்.

உங்கள் மாதிரிகளைப் பொறுத்தவரை, முதலில் சீவல்களைப் பாருங்கள்; அடுத்து களிமண் பகுதியை மட்டும் பிரித்து, எக்ஸ் கதிர் மூலம் இல்லைட்டின் பங்கை அளவிடுங்கள். மேல்வளர்ச்சி போதிய தடிமனில் இருந்தால், அதை மட்டும் தனியாக ஆர்கான் முறையில் வயதிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த வயது படிவின் வயதை ஒட்டி வந்தால் ஏரியையும், பல கோடி ஆண்டுகள் பிந்தி வந்தால் புதைந்தபின் வந்த உப்புநீரையும் பொறுப்பாக்கலாம். அதன் பிறகு பொட்டாசியத்தைக் கழித்துவிட்டுச் சிதைவுக் குறியீட்டைக் கணக்கிடுங்கள். அதுவும் ஒரே எண்ணாக அல்லாமல், மூலப்பாறை கிரானைட் என்று கொண்டால் இவ்வளவு, பசால்ட் கலந்தது என்று கொண்டால் இவ்வளவு என்று இரண்டு எல்லைகளாக எழுதுங்கள்.